ஜாமீன் கையெழுத்து

(தூத்துக்குடியில் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நிலக்கரியும் தீவு நாடுகளும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். உருகும் பனிமலை, தனியாக நிற்கும் கரடி, சாய்ந்த தென்னை என்று திரையில் படம் ஓட்டுவேன் என எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். நான் பேசப்போவது பெரும்பாலும் கடனைப் பற்றி. கரி எரிக்கப் பணம் கொடுத்தது யார், ஜாமீன் நின்றது யார், கையெழுத்துப் போட மறுத்தது யார், மறுத்த பிறகு என்ன நடந்தது என்பதைப் பற்றி.

ஒரு மனுவிலிருந்து தொடங்குகிறேன். 2009ஆம் ஆண்டின் இறுதியில் மைக்ரோனேசியக் கூட்டாட்சி என்ற நாடு, செக் குடியரசின் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு மனு அனுப்பியது. மைக்ரோனேசியா பசிபிக் பெருங்கடலில் 600க்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் நாடு. மக்கள்தொகை ஒரு லட்சத்தை ஒட்டி. செக் குடியரசுக்குக் கடலே கிடையாது. இரண்டுக்கும் இடையே 12,000 கிலோமீட்டருக்கும் மேல். மனுவின் சாரம் இதுதான்: உங்கள் நாட்டில் புருனேர்ஷோவ் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரி எரிக்கும் பெரிய அனல்மின் நிலையம் இருக்கிறது. அதைப் புதுப்பித்து இன்னும் பல ஆண்டுகள் ஓட்டப்போகிறீர்கள். அதன் புகை எங்கள் தீவைப் பாதிக்கும். ஆகவே உங்கள் சட்டப்படி நாங்களும் பாதிக்கப்படும் நாடு. எங்கள் கருத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் அயல் நாடு கருத்துச் சொல்லலாம் என்று செக் சட்டத்தில் இடம் இருந்தது. எழுதியவர்கள் ஜெர்மனியையும் போலந்தையும் மனதில் வைத்திருப்பார்கள். பசிபிக்கிலிருந்து கடிதம் வரும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சட்டத்தில் ‘பக்கத்து நாடு மட்டும்’ என்று எழுத மறந்துவிட்டார்கள்! அமைச்சகம் மனுவை ஏற்றது. நார்வே நிறுவனம் ஒன்றைக் கொண்டு தனி ஆய்வும் செய்தது. கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினால் கரியை மின்சாரமாக்கும் திறன் 42 சதவீதம் வரை போகலாம். திட்டத்தில் இருந்தது அதைவிடக் குறைவு. இந்த இடத்தில்தான் சிக்கல் முற்றியது. சுற்றுச்சூழல் அமைச்சர் யான் டூசிக் 2010 மார்ச்சில் பதவி விலகினார். அடுத்து வந்தவர் சில நிபந்தனைகளோடு அனுமதி கொடுத்தார். நிலையம் புதுப்பிக்கப்பட்டது.

தோற்ற வழக்கைச் சொல்லி ஏன் தொடங்குகிறேன்? அந்த நிலையத்தை நடத்தும் செஸ் நிறுவனத்தில் ஏறத்தாழ 70 சதவீதப் பங்கு செக் அரசுக்குச் சொந்தம். மைக்ரோனேசியா ஒரு முதலாளியிடம் போய்க் கெஞ்சவில்லை. ஓர் அரசிடம், உன் பணத்தில், உன் கையெழுத்தில் நடக்கும் வேலை இது, பதில் சொல் என்று கேட்டது. தீவு நாடுகளின் அரசியலில் அது ஒரு திருப்பம் என்பது என் கருத்து. அதுவரை அவர்கள் பெரும்பாலும் ‘எங்களைக் காப்பாற்றுங்கள்’ என்றுதான் உலக மேடைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கரிக்கும் அரசுப் பணத்துக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்களில் பொறியியல் படிப்பவர்களும் இருக்கிறீர்கள். தவறிருந்தால் பிறகு என்னைப் பிடித்துக்கொள்ளலாம். அனல்மின் நிலையம் கட்டுவதற்கு மெகாவாட்டுக்குப் பல கோடி ஆகும். இந்தியாவில் வழக்கமான கணக்கு, செலவில் 70 பங்கு கடன், 30 பங்கு சொந்த முதல். கட்டி முடிக்கவே ஐந்தாறு ஆண்டு. அதன் பிறகு பதினைந்து இருபது ஆண்டு தவணை. அதற்குள் ஆட்சி மாறலாம், கரி விலை ஏறலாம், மின்சாரம் வாங்குகிற வாரியம் பணம் தராமல் இழுத்தடிக்கலாம், சூரிய மின்சாரம் மலிந்து இந்த நிலையமே வேண்டாத பொருளாகிவிடலாம். தனியார் வங்கி இதையெல்லாம் யோசிக்கும். தயங்கும். அப்போது அரசு உள்ளே வருகிறது.

நம் ஊரில் ஒருவர் லாரி வாங்கக் கடன் கேட்கிறார். வங்கிக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. ‘ஜாமீனுக்கு ஆள் கொண்டு வா’ என்கிறார்கள். ஊரில் சொத்துள்ள பெரியப்பா வந்து ஒரு கையெழுத்துப் போடுகிறார். பெரியப்பா ஒரு ரூபாய்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாமல் லாரி ஓடாது. உலகக் கரித் தொழிலில் அந்தப் பெரியப்பாவுக்கு ஏற்றுமதிக் கடன் நிறுவனம் என்று பெயர். தன் நாட்டுக் கம்பெனி கொதிகலனும் டர்பைனும் விற்க வேண்டும் என்பதற்காக, வாங்குகிற நாட்டுக்கு ஓர் அரசு மலிவு வட்டியில் கடன் கொடுக்கிறது, அல்லது மற்ற வங்கிகள் கொடுக்கும் கடனுக்குக் காப்பீடு தருகிறது. அந்த ஒரு கையெழுத்து விழுந்ததும் மற்ற வங்கிகள் வரிசையில் வந்து நிற்கும்.

2010களில் வெளிநாட்டுக் கரி மின்நிலையங்களுக்கு இப்படிக் கை கொடுத்தவை முக்கியமாக மூன்று நாடுகள்: சீனா, ஜப்பான், தென் கொரியா. இந்தோனேசியாவின் நடு ஜாவாவில் பதாங் நிலையம், 2,000 மெகாவாட். அதற்கு ஜப்பான் பன்னாட்டு ஒத்துழைப்பு வங்கியின் கடன். வங்கதேசத்தின் மாதர்பாரி, 1,200 மெகாவாட். அதற்கு ஜப்பானின் வளர்ச்சி உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன். இந்தியாவும் விலக்கல்ல. அதே வங்கதேசத்தில், சுந்தரவனத்தின் ஓரத்தில் ராம்பாலில் 1,320 மெகாவாட் நிலையம் எழுந்ததே, அதற்குக் கடன் கொடுத்தது நம் எக்ஸிம் வங்கி. தொகை 160 கோடி டாலர். கட்டியது பெல். பங்காளி என்டிபிசி. மூன்றும் நம் அரசுடையவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேடிக்கை என்று சொல்வதா, அக்கிரமம் என்று சொல்வதா, நீங்களே முடிவு செய்யுங்கள். 2009இல் கோபன்ஹேகனில் பணக்கார நாடுகள் ஒரு வாக்குக் கொடுத்தன: 2020க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் காலநிலை நிதியாக ஏழை நாடுகளுக்குத் திரட்டித் தருவோம் என்று. அந்தக் கணக்கில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று யாரும் வரையறுக்கவில்லை. 2014 இறுதியில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதியது. இந்தோனேசியக் கரி மின்நிலையங்களுக்குக் கொடுத்த சுமார் 100 கோடி டாலர் கடனை ஜப்பான் காலநிலை நிதிக் கணக்கில் சேர்த்திருந்தது! பழைய வகை நிலையத்தைவிடப் புதியது குறைவாகப் புகைவிடும், எனவே இது காலநிலைக்குச் செய்த உதவி என்பது அவர்கள் வாதம். ஆக, கடல் ஏறுவதைத் தடுக்க ஒதுக்கிய பணம் என்று ஏட்டில் எழுதியிருந்தது. அந்தப் பணம் எரிந்தது உலையில்.

கடல் ஏறுவது என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1901 தொடங்கி 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பது ஐநா அறிவியல் குழுவின் கணக்கு. ஒரு சாண் அளவு. இதற்கா இத்தனை கூப்பாடு என்று தோன்றலாம். ஆனால் பவளத் தீவில் நிலம் மூழ்குவது கடைசியில் நடப்பது. அதற்கு வெகு முன்பே கிணறு போய்விடும். அந்தத் தீவுகளில் ஆறு கிடையாது, ஏரி கிடையாது. மழைநீர் பவள மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீரின்மேல் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால் இந்த ஏற்பாடு. அந்தப் படலத்தைத்தான் குடிக்கிறார்கள், அதை நம்பித்தான் பயிர் செய்கிறார்கள். கடல் ஒரு சாண் ஏறினால், பெரிய அலை நாளில் தண்ணீர் கரையைத் தாண்டி உள்ளே வரும், மணலுக்கு அடியிலிருந்தும் மேலே ஊறும். துவாலுவில் புலகா என்று ஒரு கிழங்கு, நம் சேம்பின் பெரிய அண்ணன். நன்னீர் தொடும் ஆழத்துக்குக் குழி வெட்டி அதில் வளர்ப்பார்கள். அந்தக் குழிகளில் இப்போது உப்பு ஏறிவிட்டது. கடற்கரைக் கிணறு உவர்த்துப்போனால் ஒரு குடியிருப்புக்கு என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

துவாலு என்றேன். ஒன்பது தீவுகள், சேர்த்தால் 26 சதுர கிலோமீட்டர், 11,000 பேரை ஒட்டிய மக்கள். அதன் அண்டை வீட்டுப் பெரியவர் ஆஸ்திரேலியா, உலகின் பெரிய நிலக்கரி ஏற்றுமதி நாடுகளில் ஒன்று. இந்த இரண்டு நாடுகளுக்கும் நடுவே நடந்த கதையில் நம் பெயரும் வருகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குயின்ஸ்லாந்தின் கலிலீ படுகையில் கார்மைக்கேல் என்ற சுரங்கத்தை அதானி குழுமம் திட்டமிட்டது. ஆண்டுக்கு 6 கோடி டன் வரை கரி. செலவு 1,650 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றார்கள். சுரங்கம் நாட்டின் உட்பகுதியில். துறைமுகம் அபாட் பாயின்ட்டில். இரண்டையும் இணைக்க 388 கிலோமீட்டருக்குப் புதிய ரயில் பாதை வேண்டும். 2014 நவம்பரில் ஜி20 மாநாட்டுக்காக நம் பிரதமர் பிரிஸ்பேன் போயிருந்த நேரத்தில், பாரத ஸ்டேட் வங்கி 100 கோடி டாலர் வரை கடன் தர ஒப்புக்கொண்டு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்ததாக அறிவிப்பு வந்தது. ஸ்டேட் வங்கி என்பது உங்கள் அப்பாவின் ஓய்வூதியமும் அம்மாவின் நகைக்கடனும் இருக்கிற வங்கி.

அடுத்த ஆண்டு, 2015இல், கிரிபாட்டி என்ற மற்றொரு பசிபிக் தீவு நாட்டின் அதிபர் அனோட்டே டோங் உலகத் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய நிலக்கரிச் சுரங்கங்களை நிறுத்தி வையுங்கள் என்பதுதான் கோரிக்கை. இருக்கிற சுரங்கத்தை நாளைக்கே மூடு என்று அவர் கேட்கவில்லை. புதிதாகத் தோண்டாதே என்றார். அந்த ஆண்டு சுவாவில் கூடிய பசிபிக் தலைவர்கள் அதே கோரிக்கையைத் தங்கள் பிரகடனத்தில் சேர்த்தார்கள். கிரிபாட்டி அதற்கு முந்தைய ஆண்டே ஃபிஜியில் நிலம் வாங்கி வைத்திருந்த நாடு என்பதை நினைவில் வையுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நான்கு பெரிய வங்கிகளும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 2017இல் வெஸ்ட்பேக் விலகியதோடு உள்ளூர் வங்கிக் கதவு அடைந்தது. அப்போது குழுமம் தட்டியது அரசின் கதவை. வட ஆஸ்திரேலிய உள்கட்டமைப்பு நிதி என்று கூட்டாட்சி அரசு 500 கோடி ஆஸ்திரேலிய டாலரில் ஒரு நிதி வைத்திருந்தது. ரயில் பாதைக்காக அதிலிருந்து சுமார் 90 கோடி ஆஸ்திரேலிய டாலர் மலிவுக் கடன் கேட்கப்பட்டது. சந்தை வேண்டாம் என்று சொன்ன பொருளுக்குச் சந்தைப் பொருளாதாரத்தின் காவலர்கள் பொதுப் பணத்தை எடுத்துக் கொடுக்கத் தயாரானார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில், அப்போதைய நிதி அமைச்சர் ஸ்காட் மாரிசன் நாடாளுமன்றத்துக்கு ஒரு கரித் துண்டைக் கையில் எடுத்துவந்து, பயப்படாதீர்கள் என்று காட்டினார்.

கடன் விழவில்லை. அந்த நிதியின் விதிப்படி மாநில அரசு மறுத்தால் கடன் கிடையாது. 2017 நவம்பரில் குயின்ஸ்லாந்து தேர்தல். பிரசாரத்தின் நடுவே முதல்வர் அன்னஸ்டேஷியா பலாஷே, மறுப்போம் என்று அறிவித்தார். வென்றார். டிசம்பரில் மறுப்புக் கடிதம் போனது. விளைவைப் பாருங்கள். ஓராண்டு கழித்துக் குழுமம் சொந்தப் பணத்தில் தோண்டுகிறோம் என்றது. ஆனால் ஆண்டுக்கு 6 கோடி டன் என்ற திட்டம் சுமார் 1 கோடி டன்னில் தொடங்குவதாகச் சுருங்கியது. 388 கிலோமீட்டர் பாதை 200 கிலோமீட்டராகி, ஏற்கெனவே இருந்த பாதையில் போய்ச் சேர்ந்தது. சுரங்கம் நிற்கவில்லை, உண்மைதான். 2021 இறுதியில் முதல் சரக்கும் ஏற்றுமதிக்குத் தயாரானது. ராயல்டியைத் தள்ளிக் கட்டலாம் என்று அதே மாநில அரசு 2020இல் சலுகையும் கொடுத்தது. அரசியல்வாதியின் வலக்கை செய்ததை இடக்கை முழுசாக அழிக்காவிட்டாலும் கொஞ்சம் கலைத்துவிடும். இருந்தாலும் முதலில் திட்டமிட்ட கரியில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே இருக்கிறது என்றால், ஒரு ஜாமீன் மறுக்கப்பட்டதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஸ்டேட் வங்கி என்ன ஆயிற்று? 2020 நவம்பரில் அந்தக் கடன் பேச்சு மீண்டும் எழுந்தது. உங்களில் பலர் இதை நேரலையில் பார்த்திருப்பீர்கள். நவம்பர் 27, சிட்னி கிரிக்கெட் மைதானம், இந்தியா ஆஸ்திரேலியா ஒருநாள் ஆட்டம். தொடங்கிய கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் மைதானத்துக்குள் ஓடிவந்தார்கள். ஒருவர் கையிலிருந்த அட்டையில் ஸ்டேட் வங்கியே, அதானிக்கு 100 கோடி டாலர் கடன் வேண்டாம் என்று எழுதியிருந்தது. நம் வீடுகளில் ‘யாரோ பைத்தியம், பாதுகாவலர்கள் எங்கே’ என்று திட்டியிருப்போம். அதே வேளையில் ஸ்டேட் வங்கியின் பசுமைப் பத்திரங்களை வாங்கியிருந்த பிரெஞ்சு முதலீட்டு நிறுவனம் அமுண்டி, இந்தக் கடனைக் கொடுத்தால் அவற்றை விற்றுவிடுவோம் என்றது. பசுமைப் பத்திரம் விற்கிற வங்கி கரிக்குக் கடன் தருவதா என்பது அவர்கள் கேள்வி. மைதானத்துக்குள் ஓடியவரும் பாரிஸ் நிதி நிறுவனமும் கேட்டது ஒரே கேள்வியைத்தான். அதை அங்கே கணக்கு வைத்திருப்பவர்களாக நாமும் கேட்டிருக்கலாம்.

இப்போது துவாலுவுக்குத் திரும்புகிறேன். 2019 ஆகஸ்டில் பசிபிக் தீவுகள் மன்றத்தின் மாநாடு தலைநகர் ஃபுனாஃபூட்டியில் நடந்தது. விமானத்தை விட்டு இறங்கிய தலைவர்களை, மூழ்கும் தீவின் மாதிரி ஒன்றைச் சுற்றித் தண்ணீரில் உட்கார்ந்தபடி பிள்ளைகள் வரவேற்றார்கள். மாரிசன் அப்போது பிரதமர். வரும்போதே 50 கோடி ஆஸ்திரேலிய டாலர் உதவி அறிவிப்போடு வந்தார், ஏற்கெனவே இருந்த உதவித் தொகையிலிருந்து பிரித்தது. துவாலு பிரதமர் எனெலே சோபோவாகா, எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது புதிய சுரங்கம் திறப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது என்று வெளிப்படையாகவே சொன்னார். அறிக்கையில் ‘நிலக்கரி’ வருவதா கூடாதா என்பதில் ஏறத்தாழ 12 மணி நேரம் மூடிய அறையில் வாக்குவாதம். டோங்காவின் பிரதமர் அகிலிசி போஹிவா கண்ணீர் விட்டார் என்று செய்தி வந்தது. அடுத்த மாதமே அவர் காலமானார். இறுதியில் வெளிவந்த அறிக்கையில் கரியைப் பற்றிய கடுமையான வாசகங்கள் இல்லை. அதே வாரத்தில் ஆஸ்திரேலியத் துணைப் பிரதமர், பசிபிக் மக்களுக்கு ஒன்றும் ஆகாது, அவர்களில் பலர் இங்கே வந்து நம் பழங்களைப் பறித்துப் பிழைக்கிறார்களே என்று பேசிவிட்டுப் பிறகு மன்னிப்புக் கேட்டார். அந்த வாக்கியத்தை விமர்சிக்க வேண்டிய அவசியமே இல்லை, சொன்னால் போதும்.

தீவு நாடுகள் எல்லாம் கரி வேண்டாம் என்று நிற்பவை, பெரிய நாடுகள் மட்டுமே குற்றவாளிகள் என்ற எண்ணத்தோடு நீங்கள் வீட்டுக்குப் போகக் கூடாது. நமக்குப் பக்கத்தில் ஒரு தீவு நாடு இருக்கிறது. இலங்கையின் புத்தளம் கரையில், கற்பிட்டி குடாநாட்டில் நுரைச்சோலை. 900 மெகாவாட் கரி மின்நிலையம். சீன எக்ஸிம் வங்கியின் கடன். 2011இல் முதல் அலகு, 2014க்குள் மூன்றும். நாட்டின் மின்சாரத்தில் கணிசமான பங்கு அங்கிருந்து வருகிறது. சுற்றுப்புறத்தில் காய்கறி பயிரிடுகிறவர்கள் கரித்தூசியும் சாம்பலும் வயலில் படிவதாகப் பல ஆண்டுகளாக முறையிடுகிறார்கள். கரி மலிவு என்றுதான் அந்தக் கடனை வாங்கினார்கள். கரி வெளிநாட்டிலிருந்து டாலரில் வர வேண்டும் என்பது மலிவுக் கணக்கில் இல்லை. 2022இல் எரிபொருள் வாங்க டாலர் இல்லாமல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை அங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அறிவீர்கள்.

இன்னொன்று சம்பூர். திருகோணமலைக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் கரையில், மூதூருக்கு அருகே. 2006 போரில் அங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. அவர்கள் நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதன் ஒரு பகுதியில் 500 மெகாவாட் கரி மின்நிலையம் கட்டத் திட்டம் வந்தது. கட்டப்போவது யார்? இலங்கை மின்சார சபையும் நம் என்டிபிசியும். இந்திய அரசின் நிறுவனம், வீடு திரும்பக் காத்திருக்கும் தமிழர்களின் நிலத்தில், இலங்கையின் கடலைச் சூடாக்கும் ஒரு நிலையம் கட்டப் பத்தாண்டு காலம் பேச்சு நடத்தியது. இங்கே மேடைகளில் ஈழத்தைப் பற்றி முழங்கிய எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினார்கள் என்று நான் கணக்கெடுக்கவில்லை. ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2016 செப்டம்பரில் இலங்கை அரசு நீதிமன்றத்திலேயே திட்டத்தைக் கைவிடுவதாகத் தெரிவித்தது. இப்போது அதே சம்பூரில், அதே இரு நிறுவனங்கள் சேர்ந்து சூரிய மின்நிலையம் கட்டுகின்றன. 2025 ஏப்ரலில் அதன் தொடக்க விழாவும் நடந்தது. அரசுப் பணம் திசை மாற முடியும் என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் உதாரணம் கிடையாது.

2021 ஒரு முக்கியமான ஆண்டு. ஏப்ரலில் தென் கொரியா, வெளிநாட்டுக் கரி நிலையங்களுக்கு இனி அரசு நிதி இல்லை என்றது. ஜூனில் ஜி7, அதில் ஜப்பானும் அடக்கம். செப்டம்பரில் ஐநா பொதுச்சபையில் சீன அதிபர், வெளிநாட்டில் புதிய கரி மின்நிலையங்கள் கட்ட மாட்டோம் என்றார். அக்டோபரில் ரோமில் ஜி20 ஒப்புக்கொண்டது, அதில் இந்தியாவின் சம்மதமும் உண்டு. பத்தாண்டு கெஞ்சியும் நடக்காதது ஏழே மாதத்தில் நடந்தது. தீவுகளின் மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது என்று நான் நம்பவில்லை. சூரிய மின்சாரம் மலிந்ததும், கடன் திரும்பி வராது என்ற பயமும்தான் முதல் காரணங்கள். ஆனால் பணம் போகிற பாதையைத் தீவுகளும் அவர்களோடு நின்றவர்களும் விடாமல் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்ததால், பயம் வந்தபோது நழுவிப்போக ஒரு கௌரவமான வாசல் தயாராக இருந்தது.

ஆனால் அந்த வாக்குறுதியில் ‘வெளிநாட்டு’ என்று ஒரு சொல் இருக்கிறது. உள்நாட்டுக் கரிக்கு அது பொருந்தாது. அடுத்த மாதமே கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில், கரியை ‘ஒழிப்பது’ என்றிருந்ததைக் ‘குறைப்பது’ என்று மாற்றச் சொன்னது இந்தியா. சீனாவும் அதையே விரும்பியது. ஃபிஜியும் மார்ஷல் தீவுகளும் எழுந்து வருத்தத்தைப் பதிவு செய்துவிட்டு, வேறு வழியின்றி ஏற்றன. நம் தரப்பில் நியாயம் இல்லாமலில்லை. ஓர் ஆஸ்திரேலியர் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 டன் கரியமில வாயு வெளியிடுகிறார், ஓர் இந்தியர் 2 டன். எண்ணெயையும் எரிவாயுவையும் விட்டுவிட்டுக் கரியை மட்டும் குறிவைத்தது பணக்கார நாடுகளின் தந்திரம்தான். பிஹாரில் இருட்டில் படிக்கும் பிள்ளையிடம் போய் துவாலுவைப் பற்றிப் பேசும் துணிச்சல் எனக்கும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ராம்பாலுக்குக் கடன் போனது, பிரிஸ்பேனில் ஒப்பந்தம் ஆனது. வங்கதேசத்தில் விற்கிற மின்சாரத்துக்கும் குயின்ஸ்லாந்துச் சுரங்கத்துக்கும் அந்தப் பிள்ளை ஏன் ஜாமீன் நிற்க வேண்டும்?

வனுவாட்டுவுக்கு வருகிறேன், பிறகு முடித்துவிடுகிறேன். 2019இல் அங்கே தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், உங்கள் வயதுக்காரர்கள், ஒரு யோசனையைக் கிளப்பினார்கள்: காலநிலையைப் பற்றி அரசுகளுக்கு என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன? வனுவாட்டு அரசு அதை எடுத்துக்கொண்டது. 2023 மார்ச்சில் ஐநா பொதுச்சபை வாக்கெடுப்பு இல்லாமலே தீர்மானத்தை ஏற்றது. 2024 டிசம்பரில் ஹேக் நகரில் விசாரணை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும், இருக்கிற காலநிலை ஒப்பந்தங்களுக்கு மேல் புதுக் கடமை எதையும் நீதிமன்றம் சுமத்தக் கூடாது என்று வாதிட்டன. வேறு எத்தனையோ விஷயங்களில் ஒத்துவராத இரண்டு நாடுகள் இங்கே ஒரே பக்கம்.

2025 ஜூலை 23இல் கருத்துரை வந்தது, ஒருமனதாக. ஓர் அரசு காலநிலையைப் பாதுகாக்கத் தக்க நடவடிக்கை எடுக்கத் தவறினால் அது சர்வதேசச் சட்டத்தின்படி தவறான செயல் ஆகலாம் என்றது நீதிமன்றம். எப்படியெல்லாம் தவறலாம் என்று சொல்லும்போது, புதைபடிவ எரிபொருளை எடுப்பது, எரிப்பது, தேட உரிமம் கொடுப்பது ஆகியவற்றோடு, அதற்கு மானியம் கொடுப்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கருத்துரைதான், யாரையும் சிறையில் போடாது. ஆனால் 2009இல் செக் அமைச்சகத்துக்கு ஒரு தீவு எழுதிய மனுவில் இருந்த வாதம், பதினைந்து ஆண்டு கழித்து உலகின் உயர்ந்த நீதிமன்றத்தின் எழுத்தில் ஏறிவிட்டது. இனி ஒரு நிதி அமைச்சர் கரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடும்போது, பக்கத்தில் நிற்கிற அரசு வழக்கறிஞர் ஒரு நிமிடம் பொறுங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

பணத்தின் அளவைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சு நிறைவடையாது. ஃபுனாஃபூட்டியில் கடலைத் தூர்த்து ஏழு ஹெக்டேருக்குச் சற்று அதிகமாகப் புதிய மேட்டு நிலம் உண்டாக்கியிருக்கிறார்கள். அந்தக் கரைப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் பசுமைக் காலநிலை நிதியம் கொடுத்தது 3.6 கோடி அமெரிக்க டாலர். கார்மைக்கேல் ரயிலுக்குக் கேட்ட பொதுக் கடன் 90 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்றேன். நாணய வேறுபாட்டை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவும் துவாலுவும் 2023 நவம்பரில் ஃபலேபிலி என்று ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி ஆண்டுக்கு 280 துவாலுவினருக்கு ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற இடம். உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2024 ஆகஸ்டில். அடுத்த மாதம், செப்டம்பரில், அதே ஆஸ்திரேலிய அரசு மூன்று நிலக்கரிச் சுரங்கங்களின் விரிவாக்கத்துக்கு அனுமதி கொடுத்தது. டிசம்பரில் இன்னும் நான்கு. 2025இல் அந்த 280 இடங்களுக்கான முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்துப் பதிந்தவர்கள் 8,750 பேர். துவாலு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேர்.

இது தொலைதூரக் கதை மட்டுமல்ல. உங்கள் ஊரிலிருந்தே இன்னொரு தீவு நாடான மாலத்தீவுக்குத் தோணிகள் ஜல்லியும் சிமெண்டும் காய்கறியும் ஏற்றிப் போகின்றன. இதே துறைமுகத்தில் கரிக் கப்பல்களும் வந்து நிற்கின்றன. நம் நாட்டில் கரி மின்நிலையங்களுக்குப் பெருங்கடன் கொடுப்பவை பவர் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷனும் ஆர்இசியும். முதலாவதில் பெரும்பங்கு இந்திய அரசுக்கு. இரண்டாவதில் பெரும்பங்கு முதலாவதுக்கு. இரண்டும் பங்குச் சந்தையில் இருப்பதால் ஆண்டறிக்கையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டாக வேண்டும். வணிகவியல் மாணவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து கடந்த பத்தாண்டு அறிக்கைகளை எடுத்து, எந்த நிலையத்துக்கு எவ்வளவு, எந்த வட்டி, எத்தனை ஆண்டு, எது வாராக் கடனாயிற்று என்று தமிழில் ஒரு பட்டியல் போட்டால், அச்சிடும் செலவுக்கு நான் பொறுப்பு. பேராசிரியர்கள் அனுமதித்தால் அடுத்த பருவத்திலேயே தொடங்கலாம்.